உப்பு நீரை அளந்தவர்கள்

தமிழகத்தை விட்டு மும்பை மாநகரில் வந்து குடியேறிய நம்மவரிடம், இந்நகர வாழ்வுக்கு இன்றியமையாதவை யாவை என்று கேட்டால், மின்சார ரயிலைச் சொல்வார்கள். குழாய்த் தண்ணீரைச் சொல்வார்கள். மாதுங்காவில் காலையில் கிடைக்கும் இட்டிலியையும் காப்பியையும்கூடச் சிலர் சொல்லக்கூடும். குளிர்ச்சியைச் சொல்பவர் அரிது. ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால், துறைமுகத்திலிருந்து வரும் மீன், விடியுமுன் வீட்டு வாசலுக்கு வரும் பால், மருத்துவமனையில் காக்கப்படும் இரத்தம், குழந்தைக்கு இடப்படும் தடுப்பூசி ஆகிய யாவும் குளிர்ச்சியின் காவலில் இருப்பவையே என்பது விளங்கும். ஒன்றரைக் கோடிக்கு அணித்தான மக்கள் நெருங்கி வாழும் வெப்பமான கடற்கரை நகரம் ஒன்று, குளிர்ச்சியின்றி ஒரு வாரம் பிழைத்திருத்தல் அரிது.

இக்குளிர்ச்சி எவ்வாறு மனிதனுக்கு வசமாயிற்று? வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கப்பல்களையும் வணிகர்களையும் இயந்திரங்களையுமே பேசுகின்றன. ஆனால் இயந்திரத்துக்கு முன்னே எண் இருக்கிறது. எண்ணுக்கு முன்னே, ஒரு கண்ணாடிக் குடுவையில் உப்பு நீரை ஊற்றி, வெப்பமானியைப் பார்த்தவாறு பொறுமையுடன் அமர்ந்திருந்த மனிதர் இருக்கிறார். உப்புக் கரைசலின் வெப்பக் குணங்களை அளந்த அம்மனிதர்களின் கதையையே இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பானையும் பருவமும்

தாராவியில் கும்பார்வாடா என்றொரு பகுதி உண்டு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மண்பாண்டம் வனைகிறார்கள். அவர்கள் வனையும் தண்ணீர்ப் பானையை நம் தமிழ்க் குடும்பங்களும் வாங்குகின்றன. பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது உள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்நீர் குளிர்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தவர்கள் அறிவார்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் சித்திரை வெயிலில் பல் கூசும்படி தண்ணீரைக் குளிரச் செய்யும் பானை, மும்பையின் ஆடி மாத மழையில் அத்துணை வேலை செய்வதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், பானையிலிருந்து புறப்படும் ஆவிக்குப் போக இடமில்லை. இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. குளிர்ச்சி வேண்டுமானால் நீர் ஆவியானால் மட்டும் போதாது. அந்த ஆவியை இடைவிடாமல் அப்புறப்படுத்தவும் ஒருவர் வேண்டும்.

அந்த 'ஒருவர்' யார் என்பதற்கு விடையும் தாராவியிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் இப்போது அவ்விடத்தை விட்டு அகன்றுவிட்டன. தோற்பொருள் செய்யும் தொழில் மட்டும் தொடர்கிறது. உரித்த தோல் அழுகாமலிருக்க, முதற்காரியமாக அதன்மீது உப்பைத் தேய்ப்பார்கள். உப்பு தோலிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். கருவாட்டிலும் ஊறுகாயிலும் நடப்பது இதுவே. நீரின்மீது உப்புக்கு இருக்கும் இந்தத் தீராத தாகமே நம் கதையின் நாயகன். எந்த உப்புக்கு எவ்வளவு தாகம், எந்த வெப்பநிலையில், எந்தச் செறிவில் என்று எண்ணிட்டுச் சொல்ல முடிந்த அன்றுதான் குளிர்ச்சிக் கலை ஒரு விஞ்ஞானமாயிற்று.

அக்பரின் வெடியுப்பு

உப்பைக் கொண்டு குளிரூட்டும் வித்தை இந்நாட்டுக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய 'அயினி அக்பரி' என்னும் நூலில் இதன் செய்முறை காணப்படுகிறது. ஒரு சேர் நீரை ஈயக் கலவையாலோ வெள்ளியாலோ ஆன குடுவையில் இட்டு வாயை மூட வேண்டும். வேறொரு பாத்திரத்தில் இரண்டரைச் சேர் வெடியுப்பையும் ஐந்து சேர் நீரையும் கலந்து, அதனுள் அக்குடுவையைக் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். குடுவை நீர் குளிர்ந்துவிடும். வெடிமருந்தில் தீயைக் கக்கும் அதே உப்பு, நீரில் கரையும்போது குளிர்ச்சியைத் தருகிறதே என்று அக்காலத்தவர் வியந்தனர்.

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, அந்தச் செய்முறையில் அளவு இருக்கிறது. ஒன்று, இரண்டரை, ஐந்து என்ற விகிதம் பலமுறை செய்து பார்த்தவர் கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்த உப்பு நீரைக் காய்ச்சி நீரை ஆவியாக்கிவிட்டால், வெடியுப்பு மீண்டும் கிடைத்துவிடும். அதாவது நெருப்பைச் செலவிட்டுக் குளிர்ச்சியைத் திரும்பத் திரும்பப் பெறலாம். பின்னாளில் ஐரோப்பியர் கண்ட உறிஞ்சுமுறைக் குளிர்சாதனத்தின் கருத்தும் இதற்கு அயலானதன்று.

எல்லா உப்பும் வெடியுப்பைப்போல நடப்பதில்லை. சோற்றுப்பு நீரில் கரைகையில் மிகச் சிறிதே குளிர்கிறது. கால்சியம் குளோரைடு கரைகையில் பாத்திரமே சுடுகிறது. நாக்குக்கு எல்லாம் உப்பே. வெப்பமானிக்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமுடையது. இவ்வேறுபாட்டை அறிய அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பனிக்கட்டி ஏறி வந்த கப்பல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் துறைமுக நகரங்களுக்குக் குளிர்ச்சி வந்தது விஞ்ஞானத்தால் அன்று, வணிகத்தால். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து விற்றார். 1833-ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டனில் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல், செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டு பம்பாயில் பார்சி வணிகர் ஜம்ஸெட்ஜி ஜீஜீபாய் தம் விருந்தில் ஐஸ்கிரீம் பரிமாறினார் என்றும், விருந்து இட்டவரும் உண்டவரும் சளி பிடித்து அல்லலுற்றதாகக் குஜராத்திப் பத்திரிகை ஒன்று எழுதியது என்றும் இந்நகர வரலாறு கூறுவோர் சொல்வதுண்டு.

1840-களில் பம்பாயிலும் சென்னையிலும் பனிக்கட்டிக்கென்றே களஞ்சியங்கள் எழுந்தன. பம்பாய்க் கட்டடம் இன்று இல்லை. சென்னைக் கட்டடமோ கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. அமெரிக்கப் பனிக்கட்டி வணிகம் நசித்தபின் அதனை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆயினும் அப்பகுதியை 'ஐஸ் ஹவுஸ்' என்று சொல்லும் வழக்கு சென்னை மக்களிடம் மறையவில்லை.

அப்பனிக்கட்டி யாருக்குக் கிடைத்தது? ஆங்கில அதிகாரிகளுக்கும் செல்வருக்கும். காய்ச்சலில் கிடந்த ஏழைக்குக் கிட்டியது அரிதே. குளிர்ச்சி என்பது தொலைதூரத்து ஏரியில் விளைந்து, கப்பலேறி, பாதி கரைந்து வந்து சேரும் பண்டமாயிருந்தவரை அது எளியோருக்கு எட்டவில்லை. அதை உள்ளூரில் செய்ய முடிந்தாலன்றி எட்டுவதற்கு வழியுமில்லை.

அந்த வணிகம் நமக்கு விட்டுச் சென்ற எச்சம் ஒன்று உண்டு. இன்று கடையில் 'ஒன்றரை டன் ஏ.சி.' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி, இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து அகற்றும் ஆற்றலே ஒரு டன் எனப்படுகிறது. மறைந்துபோன பனிக்கட்டிக் கப்பல்களின் நிழல் நம் வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது.

வெப்பத்தை எடை போட்டவர்கள்

அக்கப்பல்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1760-களில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் பிளாக் என்பவர், பனிக்கட்டி உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் வெப்பமானியில் தென்படாமல் வெப்பம் மறைகிறது என்று காட்டினார். 1782-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸில் லவாஸியேயும் லாப்லாஸும், எவ்வளவு பனிக்கட்டி உருகிற்று என்பதைக் கொண்டே வெப்பத்தை அளக்கும் கருவியைச் செய்தனர். 1840-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் ஹெஸ் என்பார், கந்தக அமிலத்தில் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தாலும் ஒரே தடவையில் சேர்த்தாலும் வெளிப்படும் மொத்த வெப்பம் ஒன்றே என்று அளந்து நிறுவினார். இந்த விதியின் துணையின்றிக் கரைசல்களைப் பற்றிய கணக்கு எதுவும் நடைபெறாது.

அளவைகள் பெருகவே, இயந்திரமும் பிறந்தது. எடின்பரோவில் ஜான் லெஸ்லி 1810-ஆம் ஆண்டில், காற்று அகற்றிய கண்ணாடி மணிக்குள் ஒரு கிண்ணத்தில் நீரையும், மற்றொன்றில் கந்தக அமிலத்தையும் வைத்தார். நீரிலிருந்து எழுந்த ஆவியை அமிலம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நீர் குளிர்ந்து குளிர்ந்து, இறுதியில் பனிக்கட்டியாயிற்று. மும்பை மழையில் பானைக்குக் கிடைக்காத அந்த 'ஒருவர்' இங்கே கிடைத்துவிட்டார். 1859-இல் பிரெஞ்சு நாட்டு பெர்டினாண்ட் காரே, அம்மோனியாவை நீரில் உறிஞ்சச் செய்து, பின் காய்ச்சிப் பிரித்து, மீண்டும் பயன்படுத்தும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். தொடர்ந்து இயங்கும் உறிஞ்சுமுறைக் குளிர்சாதனம் இவ்வாறு தோன்றியது.

மின்சார மோட்டார் பெருகியபின், ஆவியை அழுத்திக் குளிரூட்டும் இயந்திரம் முந்திக்கொண்டது. ஆனால் உறிஞ்சுமுறை மாய்ந்துவிடவில்லை. 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவராயிருந்த வான் பிளாட்டனும் முன்டர்ஸும், அசையும் உறுப்பு ஒன்றுமேயில்லாத குளிர்பெட்டியை ஆக்கினர். ஒரு சிறு சுடர் அதற்குப் போதும். மின்சாரம் எட்டாத ஊர்களில், மண்ணெண்ணெய்ச் சுடரால் இயங்கிய அத்தகைய பெட்டிகளே நெடுங்காலம் தடுப்பூசி மருந்துகளைக் காத்துநின்றன. அமெரிக்காவில் 1940-களில் காரியர் நிறுவனம், லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசலைக் கொண்டு பெரிய கட்டடங்களுக்குக் குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அன்று முதல் இவ்வுப்பே இத்துறையின் முதன்மை உப்பாக விளங்குகிறது.

நான்கு கலங்கள், நான்கு கேள்விகள்

இவ்வியந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சுருங்கச் சொல்வோம். காற்று அகற்றப்பட்ட கலம் ஒன்றில் நீர் தெளிக்கப்படுகிறது. அழுத்தம் மிகக் குறைவாதலால் அந்நீர் 5 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே கொதித்து ஆவியாகிறது. ஒரு கிலோ நீர் அவ்வாறு ஆவியாகையில் ஏறத்தாழ 2,490 கிலோஜூல் வெப்பத்தை வாங்குகிறது. ஏழரைக் கிலோ பனிக்கட்டி உருகும்போது வாங்கும் வெப்பத்துக்கு இது நிகர். அடுத்த கலத்தில் செறிந்த உப்புக் கரைசல் அந்த ஆவியை உறிஞ்சுகிறது. நீர்த்துப்போன கரைசல் மூன்றாம் கலத்தில் காய்ச்சப்பட்டு மீண்டும் செறிவடைகிறது. அங்கே எழும் ஆவி நான்காம் கலத்தில் குளிர்ந்து நீராகி, முதற் கலத்துக்குத் திரும்புகிறது. வட்டம் முற்றுப்பெறுகிறது.

இதனை அமைக்கும் பொறியாளர் உப்பை நோக்கி நான்கு கேள்விகள் கேட்டாக வேண்டும். உன் தாகம் எவ்வளவு? தாகம் தீரும்போது நீ வெளிவிடும் வெப்பம் எவ்வளவு? உன்னைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் செலவாகும்? எந்த நிலையில் நீ கரைசலாயிருக்க மறுத்து உறைவாய்?

முதற் கேள்விக்கு விடை ஆவியழுத்தம். 40 டிகிரியில் தூய நீரின் ஆவியழுத்தம் பாதரச அளவில் 55 மில்லிமீட்டர். அதே வெப்பநிலையில், நூற்றுக்கு 60 பங்கு லித்தியம் புரோமைடு கலந்த கரைசலின் ஆவியழுத்தம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. 5 டிகிரி நீரின் ஆவியழுத்தமோ ஆறரை. ஆகவேதான் வெதுவெதுப்பான கரைசல், சில்லென்ற நீரிடமிருந்து ஆவியை இழுக்க முடிகிறது. இவ்விரு எண்களிடையே உள்ள நூலளவு வேறுபாட்டிலேயே இயந்திரம் முழுவதும் நிற்கிறது.

இரண்டாவது, உறிஞ்சும்போது எழும் வெப்பம். ஆவி நீராவதால் வரும் வெப்பத்தோடு, உப்பு நீர்த்துப்போவதால் வரும் வெப்பமும் சேர்கிறது. இதனைக் குளிர்ந்த நீர்க் குழாய்களால் அகற்றாவிடில், கரைசல் சூடாகித் தன் தாகத்தை இழந்துவிடும். மூன்றாவது, தன்வெப்பம். மேற்சொன்ன கரைசலின் தன்வெப்பம் தூய நீருடையதில் பாதிக்கும் குறைவு. அதனால் அதைக் காய்ச்ச எரிபொருள் அதிகம் வேண்டுவதில்லை.

நான்காவது கேள்வியை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர். அதிரசத்துக்குக் காய்ச்சும் பாகு பதம் தவறி முற்றிவிட்டால், ஆறியவுடன் கல்லாகிவிடுகிறதல்லவா? லித்தியம் புரோமைடும் அவ்வாறே. செறிவு 65 விழுக்காட்டை ஒட்டிச் சென்ற நிலையில் கரைசல் குளிர்ந்துவிட்டால், குழாய்களுக்குள் படிகம் கட்டிக்கொள்ளும். இயந்திரம் நின்றுவிடும். மருத்துவமனையோ ஆலையோ அக்குளிர்ச்சியை நம்பியிருந்தால் அதன் கதி என்ன? அட்டவணையில் ஓர் எண் பிழையாயின், அப்பிழையை உப்பு மன்னிப்பதில்லை.

அளத்தல் என்னும் தவம்

அளத்தல் நமக்கு அந்நியமான கலையன்று. தூத்துக்குடி உப்பளங்களில், மிதவைமானியை உப்பு நீரில் இட்டு அதன் அடர்த்தியைப் பார்ப்பார்கள். பிரெஞ்சு நாட்டு மருந்து வணிகர் போமே 1768-இல் வகுத்த டிகிரிக் கணக்கில், ஏறத்தாழ 25 டிகிரி வந்தவுடன் உப்பு விளையத் தொடங்கும். எழுத்தறியாத தொழிலாளியும் அவ்வெண்ணை அறிவார்.

ஆய்வுக்கூடத்தில் அதே வேலை இன்னும் நுணுக்கமாக நடைபெறுகிறது. வெப்பம் வெளியே கசியாதபடி இரட்டைச் சுவருடைய குடுவையில், எடை அறிந்த கரைசல் ஊற்றப்படுகிறது. உள்ளே ஒரு சிறு மின்கம்பிச் சுருள், ஒரு கலக்கி, ஒரு நுண்ணிய வெப்பமானி. மின்னோட்டத்தின் அளவையும் மின்னழுத்தத்தையும் நேரத்தையும் பெருக்கினால், செலுத்திய வெப்பம் தெரியும். வெப்பமானி எவ்வளவு ஏறிற்று என்று பார்த்து வகுத்தால் தன்வெப்பம் தெரியும். சொல்வதற்கு இவ்வளவே. செய்யும்போதோ, குடுவை தானே வாங்கிக்கொண்ட வெப்பம் எவ்வளவு, கலக்கி சுழன்றதால் பிறந்த வெப்பம் எவ்வளவு, சுவர் வழியே கசிந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனியே அளந்து கழிக்க வேண்டும். ஒரு செறிவுக்கு ஓர் எண் கிடைத்தபின், அடுத்த செறிவு. ஒரு வெப்பநிலை முடிந்தபின், அடுத்த வெப்பநிலை. மாதங்கள் கழியும்.

மும்பை போன்ற ஊரில் மற்றோர் இடரும் உண்டு. மழைக்காலத்தில் நம் அடுக்களை உப்பே கசிந்து ஈரமாகிறது. லித்தியம் புரோமைடோ திறந்து வைத்த சிறிது நேரத்திலேயே காற்றின் ஈரத்தைக் குடித்து நீராய்க் கரைந்துவிடும். ஆகையால் தராசில் நிறுத்த உப்பின் எடையை நம்பிச் செறிவைக் கணக்கிட முடியாது. கரைசலைச் செய்தபின், வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதில் புரோமைடு எவ்வளவு உண்டு என்று ரசாயன முறையில் மீண்டும் கண்டறிய வேண்டும். எதைக் கொண்டு குளிரூட்ட நினைக்கிறோமோ அந்தத் தாகமே, அதை அளக்க முற்படும்போது இடையூறாகவும் வந்து நிற்கிறது.

இப்படிச் சேர்ந்த எண்களே அட்டவணைகளாயின. ஜெர்மனியில் ஆல்டன்கிர்க் 1913-இல் உறிஞ்சு இயந்திரங்களின் கோட்பாட்டை வகுத்தார். 1929-இல் மெர்க்கலும் பொஸ்ன்யாகோவிச்சும் அம்மோனியாக் கரைசலின் குணங்களை ஒரே வரைபடத்தில் காணும் முறையை வெளியிட்டனர். லித்தியம் புரோமைடுக் கரைசலுக்கு 1979-இல் அமெரிக்காவில் மெக்நீலி தொகுத்த அட்டவணை உலகெங்கும் பொறியாளர் கைக்கு வந்தது. அதில் அச்சாகியிருக்கும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், தூங்காத இரவு ஒன்று இருக்கிறது. இவர்கள் பெயர்கள் தெருக்களுக்கு இடப்படுவதில்லை.

மாதுங்காவும் செம்பூரும்

இனி நம் அண்டைப் பகுதிகளுக்கு வருவோம். மாதுங்கா என்றால் நம்மவர்க்குக் கோயிலும் பூக்கடையும், 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் நினைவுக்கு வரும். அதே மாதுங்காவில்தான், முன்பு விக்டோரியா ஜூபிலி தொழிற்கல்வி நிலையம் என்று பெயர் பெற்றிருந்த கல்வி நிலையம் 1923 முதல் இருந்து வருகிறது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகம் ரசாயனத் தொழில்நுட்பத் துறையை நிறுவியது. 1943-இல் அது மாதுங்காவுக்கு இடம் பெயர்ந்தது. இன்று அதுவே தனிப் பல்கலைக் கழக நிலை பெற்ற ரசாயனத் தொழில்நுட்ப நிலையம்.

அத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஒரு தமிழர். சென்னையில் 1901-இல் பிறந்த கிருஷ்ணசாமி வெங்கடராமன், 1938 முதல் 1957 வரை அப்பொறுப்பை வகித்தார். அவர் வல்லமை சாய ரசாயனத்தில். உப்புக் கரைசலை அளந்தவர் என்று அவரைச் சொல்ல வரவில்லை. ஆனால் வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்துப் படி எடுப்பதோடு நில்லாமல், நம் நாட்டிலேயே அளந்து, நம் தொழிலுக்கு வேண்டிய எண்ணை நாமே காண வேண்டும் என்னும் பயிற்சி வேரூன்றியது இத்தகைய நிலையங்களில்தான். பின்னர் அவர் பூனாவிலுள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்துக்கும் முதல் இந்திய இயக்குநரானார்.

குளிர்ச்சிக்கான கரைசல்களை அளக்கும் பணி நம் தாயகத்திலும் நிகழ்ந்தது. ஜெர்மானிய உதவியுடன் 1959-இல் தொடங்கிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், குளிர்சாதன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் எம். வி. கிருஷ்ணமூர்த்தி, எஸ். சீனிவாச மூர்த்தி முதலியோரும் அவர்தம் மாணவரும், 1980-களிலும் 1990-களிலும் பல்வேறு குளிர்பொருள்களையும் அவற்றை உறிஞ்சும் திரவங்களையும் இணை இணையாக ஆராய்ந்தனர். அழுத்தம், வெப்பநிலை, செறிவு, வெப்ப அடக்கம் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து எந்த இணை சிறந்தது என்று ஒப்பிட்டனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபின், ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளிர்பொருள்கள் படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. நீரும் உப்பும் மட்டுமே கொண்ட பழைய இணைக்கு மதிப்புக் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணத்தைச் செம்பூரில் காணலாம். அங்கிருந்து கடற்புறம் நோக்கினால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1965-இல் இயங்கத் தொடங்கிய டிராம்பே உர ஆலையும் தெரியும். இத்தகைய ஆலைகள் யாவும் பெருவெப்பத்தைக் கொண்டு இயங்குபவை. வேலை முடிந்தபின் எஞ்சும் வெப்பத்தில் ஒரு பகுதி பொதுவாகக் காற்றிலும் கடலிலும் கலந்துவிடுகிறது. லித்தியம் புரோமைடு இயந்திரத்துக்கோ கொதிநிலைக்குக் கீழான 80, 90 டிகிரிச் சுடுநீரே போதும். வீணாகும் சூட்டைக் கொண்டே குளிர்ச்சி செய்யலாம். மின்சாரம் மிகச் சிறிதளவே, கரைசலை இறைக்கும் பம்புகளுக்கு மட்டும் வேண்டும். பூனாவைத் தலைமையிடமாகக் கொண்ட தெர்மாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இன்று இத்தகைய இயந்திரங்களை இந்நாட்டிலேயே செய்து அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றன.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் கூடாது. கொடுத்த வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கே எளிய இயந்திரம் குளிர்ச்சி தரும். இருமுறை காய்ச்சும் இயந்திரம் ஒன்றே கால் பங்கு வரை தரும். வெப்பத்தை விலை கொடுத்து வாங்குபவருக்கு இது கட்டாது. வீணாவதைப் பயன்படுத்துபவருக்கே இலாபம். மேலும் இங்கே குளிர்வது நீராதலால், உறைநிலைக்குக் கீழே செல்ல இயலாது. மீனை உறைய வைக்க இவ்வியந்திரம் உதவாது. அதற்கு காரே காட்டிய அம்மோனியா வழியே வேண்டும். இந்த எல்லைகளையும் நமக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவை அந்த அட்டவணைகளே.

எண்ணும் நன்றியும்

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நம்மைப் போன்றோர்க்கு இக்கதையில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது. சொல்லை ஏறக்குறையப் பெயர்த்துவிட்டு நிறைவடைதல் எளிது. கரைசலும் ஏறக்குறைய அளக்கப்பட்டிருந்தால், படிகம் கட்டி இயந்திரம் நின்றிருக்கும். 'ஏறக்குறைய' என்னும் சொல்லோடு ஓய்ந்துவிடாமல், அடுத்த தசம தானத்தைத் தேடியவர்களால்தான் தொலைதூர ஏரியின் பனிக்கட்டியை எதிர்பார்க்க வேண்டிய நிலை நமக்கு நீங்கிற்று.

1834-இல் பம்பாயில் ஒரு செல்வர் வீட்டு விருந்தில் வியப்பாக இருந்த குளிர்ச்சி, இன்று தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும் ஒரு சிறு பெட்டியாக இடம் பெறுகிறது. ஆனால் அதன் விலை மின்சாரமாகவும், மின்சாரத்தின் விலை புகையாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது. வெயில் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகி வரும் இக்காலத்தில், குளிர்ச்சியை எவ்வாறு செய்வது, யார் யாருக்கு அது கிட்டும் என்பவை மீண்டும் பெருங்கேள்விகளாக எழுந்துள்ளன. விடை தேடுவோர், வீணாகும் சூட்டையும் சூரிய வெப்பத்தையும் உப்பு நீரையும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதே குடுவை முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதுங்காவிலோ சென்னையிலோ அத்தகைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, "நாள் முழுதும் உப்புத் தண்ணீரைத்தான் அளக்கிறேன்" என்று சலித்துக்கொண்டால், அது சிறுபணி அன்று என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை பெற்றோராகிய நமக்கு உண்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. உப்பை அளந்தவரையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்வது தக்கதே.